பக்கத்து வீடு என்னும் ஆபத்து

என் கல்யாணத்தை நிறுத்தியது பீகார் பூகம்பம். சிரிக்காதீர்கள். பீகார் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. காசிக்குப் பக்கத்தில் என்று அப்பா சொல்வார். அங்கே பூமி அதிர்ந்து இரண்டு வருஷம் கழித்து, ஆட்டையாம்பட்டி நெசவுக்காரத் தெருவில், ஏறக்குறைய முடிந்துபோயிருந்த என் சம்பந்தம் இடிந்து விழுந்தது.

மாப்பிள்ளைக்குக் குமாரபாளையம். பெயர் சென்னிமலை. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். குப்பாயி என்று பெயர். இரண்டு பேரும் என்னைப் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் கூட்டமான கூட்டம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் எங்கள் தறியைப் பார்த்தார். தறியில் ஓர் இழை அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவோடு பேசிக்கொண்டே குனிந்து, அந்த இழையை இரண்டு விரலால் முடிந்துவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“பொண்ணப் பாக்க வந்துபோட்டு தறியப் பாக்குது பையன்” என்று அம்மா பிறகு முணுமுணுத்தாள். எனக்கோ அந்த இரண்டு விரலிலேயே மனசு போய்விட்டது. அறுந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாத மனுஷன், நாளைக்குப் பெண்டாட்டி முகம் வாடினால் மட்டும் சும்மா போய்விடுவாரா? இதைத்தான் நான் கணக்குப் போட்டேன். ஜாதகம் பார்த்தவர் வேறு ஏதோ கணக்குப் போட்டார். இரண்டும் பொருந்தி வந்தது.

வெற்றிலை மாற்றுவதுதான் பாக்கி. ஆனி கழியட்டும், ஆடியும் போகட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்தச் சமயத்தில்தான் தீர்த்தகிரி எங்கள் தெருவுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

தீர்த்தகிரி அயோத்தியாப்பட்டணத்துக்காரர். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு, சைக்கிளோடு சேர்த்துக் கட்டிய குடை, எந்நேரமும் நெற்றியில் வியர்வை. வீடுகளுக்கு இன்சூரன்ஸ் பிடிக்கிற ஏஜெண்டு. ஆளைப் பிடிக்க அவர் தேர்ந்தெடுத்த நேரம் இருக்கிறதே, அதில் மட்டும் அவர் கெட்டிக்காரர். தெருவின் நீளத்துக்கும் பாவு விரித்து, கஞ்சி தேய்த்துக்கொண்டிருந்தோம். பாவென்றால் தறியில் ஏற்றுகிற நீட்டு நூல். கஞ்சி காய்வதற்குள் தேய்த்து முடிக்கவேண்டும். பாதியில் விட்டுவிட்டு யாரும் நகர முடியாது. ஆகையால் அவர் சொன்னதையெல்லாம் நின்று கேட்டுத்தான் தீரவேண்டியிருந்தது.

“வீடு தீப்பிடிச்சா கம்பெனி பணம் குடுக்கும். வெள்ளத்துல போனாலும் குடுக்கும். பூமி அதிர்ந்து இடிஞ்சாலும் குடுக்கும். வருஷா வருஷம் ஒரு சின்னத் தொகை கட்டினாப் போதும்” என்றார்.

என் அப்பா சின்னுசாமி, தெருவிலேயே சாதுவான ஆள், கஞ்சிக் கையோடு நிமிர்ந்தார். “ஏனுங்க, இந்த ஊருக்கு வெள்ளம் எங்கிருந்துங்க வாரது? குடிக்கறதுக்கே தண்ணியக் காணமே!”

தெருவே சிரித்தது. தீர்த்தகிரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெள்ளம் போணியாகாது என்று தெரிந்ததும் பூகம்பத்தை எடுத்தார். பீகாரில் பூமி வெடித்ததையும், குவெட்டாவில் ஊரே மண்மூடிப் போனதையும், பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொன்னார். எங்கள் தெரு ஆட்கள் கதை கேட்பதில் சளைத்தவர்களா? ‘அப்புறம்? அப்புறம்?’ என்று கேட்டார்கள். பாலிசி மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

என் அம்மா முத்தாயம்மாள் மட்டும் கதையாகக் கேட்கவில்லை. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஏனுங்க, மேட்டூர்ல புதுசா அணை கட்டியிருக்கறாங்களே, அந்த எடத்துல பூமி ஆடுனா என்னங்க ஆகும்?”

நாள் பூராவும் கத்திய மனுஷனுக்கு முதல்முதலாக ஒரு கேள்வி கிடைத்தது. பசியோடிருந்தவன் இலையைக் கண்ட மாதிரி பாய்ந்தார். “நல்லாக் கேட்டீங்கம்மா! அணை போச்சுன்னா அத்தனை தண்ணியும் நேரா பவானி, குமாரபாளையம்னு எறங்கிடும். ஒரு செவுரு நிக்காது. அதுக்குத்தானே இன்சூரன்சே!”

பெண்ணைக் குமாரபாளையத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குடையைச் சரிசெய்துகொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

என் அம்மாவைப் பைத்தியக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பிறந்த வீடு பவானியில், காவிரிக் கரையில் இருந்தது. இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்தின்போது ஆடிக்குத் தாய்வீடு போயிருந்தாள். நானும் கூடத்தான் இருந்தேன். சின்னப் பிள்ளை, ஒன்றும் நினைவில்லை. மண்சுவர் கரைந்து வீடு போயிற்று. எல்லோரும் உயிரோடு கரையேறிவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஊர் முழுக்கத் தண்ணீர், யாரை யார் தேடுவது? ஈரத் துணியோடு ஒரு புளியமரத்தடியில் நின்றார்களாம். “ஊடு போனதுகூடப் பெருசில்ல. வாங்க, உள்ள வந்து படுங்கன்னு கூப்பிட ஒரு வாய் இல்லாமப் போச்சு” என்பாள் அம்மா. அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவள் காவிரியைப் போய்ப் பார்க்கவே இல்லை. அணை கட்டிவிட்டார்கள், இனிமேல் வெள்ளம் வராது என்று சொல்லிச் சொல்லித்தான் குமாரபாளையத்துச் சம்பந்தத்துக்கே அவளை அப்பா சம்மதிக்க வைத்திருந்தார். அந்த அணையைத் தீர்த்தகிரி ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட்டார்.

“ஆத்தங்கரை ஊட்டுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன். சொல்லி அனுப்பிப்போடுங்க” என்றாள் அம்மா அன்று சாயங்காலமே.

“முத்தாயி, பேசி முடிச்ச எடம்...”

“வெத்தல மாத்தலயில்ல?”

அப்பா வாயை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. வயசுப்பெண் வாய் திறக்கக்கூடாது என்பார்கள். திறக்காமலிருந்தால் யாருக்கு நஷ்டம்? “எனக்கு அவரத்தாம் புடிச்சிருக்குது. பீகார்ல பூமி ஆடுனதுக்கு நான் எதுக்கு வேறொருத்தனக் கட்டோணும்?” என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள், பிறகு அந்தக் கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் அவளோடு எப்படிச் சண்டை போடுவது?

சொல்லி அனுப்பியாயிற்று. வேறு ஆளாக இருந்தால் ‘போனால் போகிறது’ என்று ராசிபுரம் பக்கம் பெண் தேடியிருப்பான். சென்னிமலை என்ன செய்தார் தெரியுமா? காரணத்தை விசாரித்தார். இன்சூரன்ஸ்காரர் ஒருவர் கிளப்பிய பயம் என்று தெரிந்ததும், திருச்செங்கோடு சந்தையில் தீர்த்தகிரியைத் தேடிப் பிடித்தார்.

“நீங்க கெடுத்த கலியாணம், நீங்கதான் சேத்து வெக்கோணும். எங்க ஊட்டுக்கு அந்த இன்சூரன்ச எழுதுங்க. வெள்ளம், பூகம்பம், எது எது இருக்குதோ எல்லாத்துக்கும்” என்றாராம்.

தீர்த்தகிரிக்கு அன்றைக்குத் தீபாவளி. தானாகத் தேடிவந்து பாலிசி கேட்ட முதல் மனுஷர் இவர்தான். மறுவாரமே டேப்பும் கையுமாகக் குமாரபாளையம் போய்விட்டார். நீளம் அளந்தார், உயரம் அளந்தார், கூரை ஓடுகளை எண்ணினார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தவர், தரையில் தறிக்குழி இருப்பதைப் பார்க்காமல் அதற்குள்ளேயே விழுந்துவிட்டார். நெசவாளி வீட்டில் தறிக்கு முன்னால் கால் தொங்கப்போட்டு உட்காரக் குழி இருக்கும் என்று மெட்ராஸ் கம்பெனி அவருக்குச் சொல்லித் தரவில்லை. தூக்கி உட்கார வைத்து, மோர் கொடுத்து, கணுக்காலுக்கு எண்ணெய் தடவிவிட்டிருக்கிறார் குப்பாயி அத்தை.

வலியைப் பொறுத்துக்கொண்டே விண்ணப்பப் பாரத்தை நிரப்பியிருக்கிறார் மனுஷர். “பக்கத்து வீடு ஒட்டுச் சுவரா? அது ஆபத்து. பக்கத்து வீடு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு தொகை கூடும்” என்றாராம். அவர் சொன்னதிலும் பிசகில்லை. அந்த வீட்டில் தீப்பிடித்தால் இந்த வீட்டுக்கும் பிடிக்கும் என்பது கம்பெனியின் நியாயம். குப்பாயி அத்தைக்கு அதைக் கேட்டு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டு மணியன் குடும்பத்தோடு அவர்களுக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வீட்டுக் கூரைத் தண்ணீர் இந்த வீட்டு வாசலில் விழுகிறது, அதுதான் வழக்கு. “ஆபத்துன்னு நல்லா அழுத்தி எழுதுங்க சாமி” என்றாராம் அத்தை.

பாலிசி வந்தது. சிவப்பு முத்திரை குத்திய நீளக் காகிதம். அதை எடுத்துக்கொண்டு சென்னிமலையும் தீர்த்தகிரியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தீர்த்தகிரி தறிக்குழியில் விழுந்தது முதல் பக்கத்து வீட்டு ‘ஆபத்து’, பேச்சில்லாத வழக்கு வரை ஒன்று விடாமல் சென்னிமலை சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

அம்மா காகிதத்தைக் கையால்கூடத் தொடவில்லை. “ஏனுங்க, வெள்ளம் வந்தா உங்க கம்பெனி என்ன பண்ணுமுங்க?”

“பணம் குடுக்கும்மா. வீட்டைத் திரும்பக் கட்டிக்கலாம்.”

“அன்னிக்கே குடுக்குமா?”

தீர்த்தகிரி வியர்வையைத் துடைத்தார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் நிற்பதில்லை. “அன்னிக்கே முடியாதும்மா. ஆள் வந்து பாக்கணும், மெட்ராசுக்கு எழுதணும், அவங்க பதில் போடணும். கொஞ்சம் மாசம் ஆகும்.”

“தறிக்கு?”

“தறி இதுல சேராதும்மா. சுவரும் கூரையும்தான்.”

“செரி, அது போகட்டும். தண்ணி வந்த அன்னிக்கு ராத்திரி எம்பொண்ணு எங்க படுப்பா? அது உங்க காயிதத்துல எழுதியிருக்குதுங்களா?”

தீர்த்தகிரி காகிதத்தைப் புரட்டினார். பாவம், உண்மையாகவே தேடினார். பிறகு மடித்து வைத்துவிட்டார். என் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

கடைசியில் சென்னிமலை எழுந்தார். “அத்தை, ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல தலை முழுக ஊரே எங்கூருக்கு வாருது. நீங்களும் ஒருக்கா வந்து ஊட்டப் பாருங்க. பாத்துப்போட்டு வேண்டாமுன்னா நானே ஒத்துக்கறேன்.”

“வாரேன். ஆனா உங்க ஊட்ல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிப்போட்டேன்” என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்காத இடத்தில் எவ்வளவு உபசாரம் செய்தாலும் ஒரு பருக்கையைத் தொடமாட்டார்கள். அம்மா அந்தக் கதவை முன்கூட்டியே சாத்திவிட்டாள்.

பண்டிகைக்கு முதல் நாள் குமாரபாளையம் போய்ச் சேர்ந்தோம். அப்பா, அம்மா, நான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. காவிரியை நான் முதல்முதலாகப் பார்த்தேன். முதல்முதலாக என்றுதான் சொல்லவேண்டும், சின்ன வயசில் பார்த்தது எனக்கு ஞாபகம் இல்லையே. கரை தொட்டுப் போகிற செந்தண்ணீர், கரையெங்கும் காதோலைக் கருகமணி விற்கிற கடைகள், எதிர்க்கரையில் பவானிக் கோபுரம். எனக்கு இந்த ஊரைப் பிடித்துவிட்டது. அம்மா மட்டும் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். அப்பா அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

சென்னிமலையின் தெரு ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. அதில் கடைசி வீடு அவருடையது. அதற்கு மேட்டுப் பக்கத்தில், ஒட்டுச் சுவரோடு, மணியன் வீடு. அது மட்டும் கருங்கல் மேட்டின்மேல் நிற்பதால் ஏறிப் போகப் படிகள். தீர்த்தகிரியும் வந்திருந்தார், குடையும் கோட்டுமாக, எதற்கும் பக்கத்தில் இருக்கலாம் என்று.

அம்மா வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் நின்றபடியே பார்த்தாள். சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, சுண்ணாம்பு அடித்தும் மறையாத ஒரு பழுப்புக் கோடு ஓடியது.

“இதென்னங்க கோடு?”

குப்பாயி அத்தைக்குப் பொய் வராது. “இருபத்துநாலாம் வருசத்துத் தண்ணீங்க” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். என் உயரத்தைக் கண்ணாலேயே அந்தக் கோட்டோடு வைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். “போலாமுங்க” என்றாள் அப்பாவிடம். சென்னிமலை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஆற்றில் அத்தனை தண்ணீர் போகிறது, எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அப்போது மழை வந்தது.

தெருவில் மணியன் வீட்டுப் பாவு விரித்திருந்தது. நாளைக்குப் பண்டிகை, இன்றைக்கே முடித்துவிடலாம் என்று மூங்கில் கவைகளின்மேல் இழுத்துக் கட்டி, அப்போதுதான் கஞ்சி போட்டிருந்தார்கள். மேகம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ, பொட்டுப் பொட்டென்று பெரிய துளிகள் மண்ணில் விழுந்தன. “பாவு! பாவு!” என்று யாரோ கத்தினார்கள்.

நெசவுத் தெருவில் இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. கஞ்சி போட்ட பாவு நனைந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு அத்தனையும் பாழ். ஆகவே மழை விழுந்தால் யார் பாவு என்று கேட்கிற பேச்சே கிடையாது. அடுப்பில் இருப்பவள் அடுப்பை விட்டு வருவாள், தறியில் இருப்பவன் ஊடையோட்டும் நாடாக்கட்டையைப் போட்டுவிட்டு வருவான். எங்கள் ஆட்டையாம்பட்டியிலும் அப்படித்தான். இங்கேயும் எல்லா வாசலிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். சென்னிமலை பாய்ந்த பாய்ச்சலில் தீர்த்தகிரியை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்.

நான் ஓடினேன். ஓடியபிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் என் அம்மா ஓடிக்கொண்டிருந்தாள்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பாவைத் தூக்கிப் பிடித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “தொய்ய விடாதீங்க! அக்கட்டால புடிங்க! யாரது, சுருட்டற ஆளு கொஞ்சம் வெரசலா சுருட்டுங்க!” என்று ஊர் பேர் தெரியாத ஆட்களையெல்லாம் அதட்டினாள். ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வர, மற்றவர்கள் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு நடக்கவேண்டும். எனக்கு எதிர்ப்பக்கத்தில் தாங்கியது யார் என்று பார்த்தேன். சென்னிமலை. பாவுக்கு இந்தப்புறம் நான், அந்தப்புறம் அவர். “மெதுவா, மெதுவா” என்றார். எனக்கா, பாவுக்கா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் சிரிக்கலாமா? சிரித்தேன்.

தீர்த்தகிரியும் சும்மா நிற்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்து, தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று பாவுக்கு மேலே பிடித்தார். அத்தனை நீளப் பாவில் அந்தக் குடை ஒரு முழத்தைக் காப்பாற்றியிருக்கும். ஆனாலும் பிடித்தார்.

மணியன் வீட்டுக்குப் படியேற்றிக் கொண்டுபோக நேரமில்லை. தெருமட்டத்தில் திறந்திருந்த கதவு சென்னிமலை வீட்டுக் கதவுதான். யாரும் யாரையும் கேட்கவில்லை. பாவும் ஆட்களுமாக அதற்குள் புகுந்தோம். அடுத்த நொடி மழை ஓட்டின்மேல் கொட்டித் தீர்த்தது. உள்ளே பாதித் தெரு நின்றது, தலையைத் துவட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும். பாவு நனையவில்லை. நடு வீட்டில், தறிக்குழி ஓரத்தில், பாவின் ஒரு தலைப்பைக் கையில் பிடித்தபடி என் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தான் எந்த வீட்டுக்குள் நிற்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பக்கத்தில் ஓர் அம்மாள் பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணியன் பெண்சாதி சுப்பம்மாள். “மகராசி, நல்லா இருப்பீங்க. நாங்க பக்கத்து ஊடுதானுங்க. ஒரு பொட்டுகூட நனையலீங்க” என்றாள் அம்மாவிடம்.

“இது உங்க பாவுங்களா?” அம்மா புருவத்தைச் சுருக்கினாள். “இவங்களுக்கும் உங்களுக்கும் பேச்சில்லேன்னு சொன்னாங்களே?”

“பேச்சில்லதானுங்க. அதுக்காவ பாவ நனைய உடுவாங்களா?”

“எத்தன வருசமா?”

“ஆச்சுங்க, அந்தப் பெரிய வெள்ளத்துக்கும் முந்தியே.”

அம்மா அந்தப் பழுப்புக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். அது உள்சுவரிலும் ஓடியது. “அந்த வெள்ளத்துல இவங்க எங்கீங்க போனாங்க?”

சுப்பம்மாளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போலப் பார்த்தாள். “எங்க போவாங்க? எங்க ஊட்லதானுங்க இருந்தாங்க. எங்களுது மேடு, தண்ணி படியோட நின்னுபோச்சு. எங்க ஊட்டுக்காரரு கவுத்தப் போட்டு இவங்களத் தூக்கினாரு. தண்ணி வடிஞ்சு, செவுரு காயற வரைக்கும் எங்க ஊட்லதான் சோறு, படுக்கை எல்லாம்.”

“அப்போ பேசிக்கிட்டீங்களா?”

“அதெப்படிங்க பேசறது? கூரைத் தண்ணி வழக்கு இன்னும் தீரலியே!”

வீடே ‘கொல்’லென்று சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. அப்பா பதறிப்போய்க் குனிந்தார். அவரை விலக்கிவிட்டுத் தீர்த்தகிரியைக் கூப்பிட்டாள்.

“சாமி, இங்க வாங்க. பக்கத்து ஊடு ஆபத்துன்னு உங்க காயிதத்துல எழுதியிருக்கறதா இந்தப் பையன் சொன்னான். நெசந்தானுங்களா?”

“ஆமாம்மா. ஒட்டுச் சுவர் இருந்தா அப்படித்தான் எழுதணும்.”

“அத அடிச்சுப்போட்டு மாத்தி எழுதச் சொல்லுங்க. பேச்சுவார்த்தை இல்லாமயே ஊட்ல வெச்சுச் சோறு போட்டவங்கன்னு எழுதுங்க.”

“அப்படி எழுத எங்க பாரத்துல எடம் கிடையாதேம்மா!”

“எடமில்லேன்னா ஓரத்துல எழுதுங்க” என்றாள் அம்மா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குப்பாயி அத்தையைப் பார்த்துக் கேட்டாள்: “ஏனுங்க சம்பந்தி, ஒரு வாய் சோறு இருக்குதுங்களா? பசிக்குது.”

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அப்பா “முத்தாயி!” என்றார். சென்னிமலை என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தால் அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

ஆனால் குப்பாயி அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. இவர்கள்தான் தண்ணீர்கூடத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களே என்று அவர் அன்றைக்கு அரிசியே உலையில் போடவில்லை. காலையில் கிண்டிய ராகிக் களிதான் மிச்சம். சம்பந்திக்கு முதல் சாப்பாடு களியா? கையைப் பிசைந்துகொண்டு அடுப்பங்கரைக்கும் நடுவீட்டுக்கும் நடந்தார். விஷயம் தெரியாதவர்கள் சோற்றுக்காகக் காத்திருந்தார்கள்.

சுப்பம்மாள் கொட்டுகிற மழையில் வெளியே போனாள். திரும்பி வரும்போது தலையில் முறத்தைக் கவிழ்த்து, கையில் துணி மூடிய சோற்றுப் பானையோடு வந்தாள். நேராக அடுப்பங்கரைக்குப் போய்ப் பானையை இறக்கி வைத்தாள். குப்பாயி அத்தை பக்கம் திரும்பவேயில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “சுடுசோறு. கொழம்பு பின்னால வாருது.”

அத்தையும் சுவரைப் பார்த்து, “செரி” என்றார்.

இலை போட்டார்கள். பாவுக்குப் பக்கத்திலேயே, தறிக்குழி ஓரத்தில், என் அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அத்தை பரிமாறினார். எங்கள் அம்மா சாப்பிடுகிற அழகைத் தெருவே சுற்றி நின்று பார்த்தது. அவள் யாரையும் லட்சியம் செய்யவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டாள். மறுசோறு கேட்டு வாங்கினாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றேன். தீர்த்தகிரி தன் நனைந்த கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார், அது என் முகத்தைவிட ஈரமாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பாலிசியை நாங்கள் விடவில்லை. வருஷா வருஷம் கட்டுகிறோம். சுவருக்கும் கூரைக்கும் அது இருக்கட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தல் போட்டது மணியன், சமையலுக்கு முன் நின்றது சுப்பம்மாள், கடைசிப் பந்தி எழுந்த பிறகு இலை எடுத்ததும் அவர்கள்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.